குமரிமுனையில் வந்து தங்கியவர்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



குமரிமுனையைப் பாடிய இக்காலக் கவிதைகளை ஒருசேர வைத்துப் படிப்பவர்க்கு ஒன்று புலப்படும். அவற்றுள் மிகப் பல, வந்து கண்டு திரும்பியவரின் கவிதைகள். கதிரவன் எழுகிறான், மூன்று கடலும் கூடுகின்றன, வள்ளுவர் வானளாவ நிற்கிறார், கவிஞர் ஊர்தியில் ஏறி நாகர்கோவிலுக்குத் திரும்பிவிடுகிறார். இவற்றில் குறை காண்பது நோக்கமன்று. ஆனால் வேற்றூரிலிருந்து வந்து, சொந்த வண்டி ஏதுமின்றி, தம் இரு கால்களையே நம்பி இவ்வூரில் தங்கிவிட்டவர் இக்கவிதைகளில் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அவரைத் தேடிச் செல்லும் சிறு முயற்சியே இவ்வுரை.

குமரியைக் குறிப்பிடும் மிகப் பழைய அயல்நாட்டுச் சான்றுகளுள் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளுஸ்'. மிளகும் முத்தும் எங்கெங்கே கிடைக்கும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வரும் அந்த வணிக நூல், குமரிக்கு வந்ததும் சற்றே நின்றுவிடுகிறது. எஞ்சிய வாழ்நாளை நோன்புக்கு ஒப்படைக்க விரும்பும் ஆடவர் இங்கே வந்து நீராடித் துறவு பூண்டு தங்குகின்றனர். மகளிரும் அவ்வாறே செய்கின்றனர் என்று அது கூறுகிறது. அந்த மாலுமியின் கண்ணுக்குப் பட்டவை எழுகதிரும் படுகதிரும் அல்ல. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை என்னும் செய்தியே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் அயலார் தங்கும் ஊராக இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் காப்பியங்களிலும் இச்செய்தி உண்டு. சிலப்பதிகாரத்து மாடலன் குமரியாடி மீளும் வழியில்தான் மதுரையில் கோவலனைக் காண்கிறான். அவன் மீள்பவன், ஆகவே கதைக்கு உதவுகிறான். மணிமேகலையில் வரும் சாலியின் நிலை வேறு. காசியிலிருந்து, செய்த பிழைக்கு அஞ்சி, கருவுற்ற வயிற்றோடு குமரியாடத் தெற்கு நோக்கி நடந்து வந்தவள் அவள். வழியில் ஈன்ற குழந்தையைத் தோட்டமொன்றில் விட்டுச் செல்கிறாள். அக்குழந்தையே ஆபுத்திரன். காப்பியம் பிள்ளையைப் பின்தொடர்ந்து சாவகம் வரையில் செல்கிறது, தாயைப் பின்தொடரவில்லை. காசியிலிருந்து குமரிவரை நடந்த ஒரு பெண், குமரிக்கு வந்தபின் எங்கே உறங்கினாள், எதை உண்டாள், யாரிடம் எந்த மொழியில் பேசினாள்? சாத்தனாருக்கு அந்தக் கேள்வி எழாதது பற்றி இன்று வழக்குத் தொடுக்க இயலாது. ஆனால் அது இன்னும் எழுதப்படாத ஒரு கவிதை என்பதைச் சொல்லாமலும் இருக்க இயலவில்லை.

பிற்காலத்தில் குமரிமுனை பெரும் நடைப்பயணங்களின் முதலாகவும் முடிவாகவும் ஆகிவிட்டது. 1892 டிசம்பரில் விவேகானந்தர் வந்தார். மூன்று நாட்கள் தவமிருந்து சென்றார். பூதான இயக்க நடையில் வினோபா பாவே 1957 ஏப்ரலில் இங்கே வந்தடைந்தார். 1983 ஜனவரி 6 அன்று சந்திரசேகர் இங்கிருந்து டெல்லிக்கு நடக்கத் தொடங்கி, ஜூன் 25 அன்று ராஜ்காட்டை அடைந்தார். 2022 செப்டம்பர் 7 அன்று காஷ்மீர் நோக்கிய மற்றொரு நடைப்பயணம் இதே கரையில் தொடங்கியது. இவையெல்லாம் வரலாற்றில் பதிவானவை. நாடு முழுவதையும் நடந்தே கடப்பவரை வரலாறு போற்றுகிறது. ஆண்டு முழுவதும் சாயாக்கடைக்கும் கடற்கரைக்கும் இடையே நடப்பவரை அது கணக்கில் வைப்பதில்லை.

தங்கியவருள்ளும் பதிவு பெற்றோர் சிலர் உண்டு. பாறை நினைவுச் சின்னம் எழுப்ப வந்த மகாராட்டிரத்து ஏகநாத் ரானடே, 1970இல் அப்பணி முடிந்த பின்னும் இவ்வூரை விட்டு நீங்காமல் 1972இல் விவேகானந்த கேந்திரத்தைத் தொடங்கினார். இன்னும் பின்னோக்கிச் சென்றால், குமரிமுனைக்குக் கிழக்கே தேரிக்காட்டு ஊரான இடையன்குடியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்த கால்டுவெல் நினைவுக்கு வருவார். 1838இல் சென்னைக்கு வந்திறங்கிய அவர், 1841இல் அங்கிருந்து புறப்பட்டுத் தஞ்சையும் நீலகிரியும் மதுரையும் கண்டு நெல்லைச் சீமை வரையில் நடந்தே வந்தார். மக்களையும் அவர்தம் பேச்சையும் நெருங்கி அறிவதற்கென அவர் மேற்கொண்ட நடை அது. பல்லக்கில் வந்திருந்தால் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்திருக்காது என்று சொல்வது மிகை. எனினும் ஊருக்கு ஊர் சொல் மாறுவதைக் கேட்கும் வாய்ப்பு நடப்பவனுக்குத்தான் அமைகிறது. அவருடைய துணைவியார் எலைசாவைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறியாக வேண்டும். நாகர்கோவிலில் பணிபுரிந்த மால்ட் இணையரின் மகள் அவர். நம் மண்ணில் வளர்ந்தவர். இந்தப் பக்கத்துப் பேச்சுத் தமிழ் காதில் விழ வளர்ந்தவர். 1844இல் அவரை மணந்தபோது கால்டுவெல்லின் வீட்டுக்குள்ளேயே நாஞ்சில் நாட்டுத் தமிழ் வந்து சேர்ந்தது. நூல்களின் முகப்பில் எலைசாவின் பெயர் இல்லை.

இவர்கள் கற்றவர்கள், நிறுவனம் பின்னின்றவர்கள். எந்த நிறுவனமும் பின்னில்லாமல் தங்கியவர் மாயம்மா. எந்த நாட்டிலிருந்து வந்தார், எப்போது வந்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. நேபாளம் என்பார் சிலர். அசாம் என்பார் சிலர். குமரிக் கடற்கரையில் நாய்கள் சூழ, வீடென்று ஒன்றில்லாமல் பல்லாண்டுகள் வாழ்ந்தார். கடல் ஒதுக்கிய குப்பையைச் சேர்த்துத் தீ மூட்டி அதன் அருகே அமர்ந்திருப்பார். இறுதிக் காலத்தைச் சேலத்தில் கழித்து 1992இல் மறைந்தார். அவரைச் சித்தர் என வணங்குவோர் உளர். அந்த வழிபாட்டுக்குள் செல்வது இவ்வுரையின் வேலையன்று. ஊர் பேர் சொல்லாத, மொழி புரியாத முதியவள் ஒருத்தியைத் துரத்திவிடாமல் தன் கரையில் இருக்கவிட்டது இவ்வூர் என்பதே இங்கு வேண்டிய செய்தி.

வெளிநாட்டில் இத்தகைய வாழ்க்கைக்கு வேறொரு முகம் உண்டு. ஸ்பெயின் நாட்டின் மத்தியதரைக் கடற்கரையில் பெனிடோர்ம் என்றோர் ஊர். மீனவர் ஊராக இருந்தது. 1956இல் வகுக்கப்பட்ட நகரமைப்புத் திட்டத்தின் பயனாக வானுயர்ந்த கட்டடங்கள் நெருங்கி எழுந்து சுற்றுலா நகரமாயிற்று. (நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும், குமரியில் காந்தி மண்டபம் எழுந்ததும் அதே 1956இல் என்பது தற்செயல் ஒற்றுமை.) குளிர்நாடுகளிலிருந்து ஓய்வூதியத்தோடு வரும் முதியோர் பலர் அக்கரையோர ஊர்களில் தங்குகின்றனர். வீடுகள் நெருங்கி நிற்பதால் அப்பம் வாங்கவும் கடல் பார்க்கவும் நடந்தே போய்வரலாம்; வண்டி தேவைப்படுவதில்லை. கோடை நீங்கியதும் கரையோர ஊர்கள் பலவற்றில் கடைகள் பாதிக்கு மேல் அடைபட்டுவிடும். அப்போது எஞ்சியிருப்பவர் யாரோ அவரே ஊரார். வண்டியை வேண்டாம் என்று விட்டவர் அவர்கள் என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு நம் ஊருக்குத் திரும்பலாம்.

குமரிமுனையும் நடையால் அளந்துவிடத்தக்க ஊர். தொடர்வண்டி நிலையத்திலிருந்து அம்மன் கோயில், அலங்கார உபகார மாதா ஆலயம், மீனவர் தெருக்கள், காந்தி மண்டபம், படகுத்துறை என யாவும் பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் அடங்கும். நாகர்கோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அதற்குப் பேருந்து உண்டு. இங்கே வாழ வண்டி வேண்டியதில்லை. வண்டி வேண்டியிருப்பது ஒரே நாளில் பத்மநாபபுரமும் சுசீந்திரமும் திற்பரப்பும் பார்த்து முடிக்க விரும்புவோர்க்கு. ஆனால் ஊர் எடுத்துக் கட்டப்படுவதெல்லாம் அவர்களுக்காகவே. 2000 ஜனவரி முதல் நாளில் 133 அடி உயரத்து வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. 2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் வந்தது. கடலுக்கு மேலே நடக்க வழி வந்துவிட்டது, மகிழ்ச்சி. கரைமேல் நடப்பவன்தான் நிறுத்திவைத்த வேன்களுக்கும் கடைப் பரப்புக்கும் இடையே ஒருக்களித்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

'சீசன்' என்றே ஊரார் சொல்வர். கார்த்திகை பிறந்தால் கறுப்பும் நீலமும் உடுத்த ஐயப்ப பக்தர் கூட்டம். தை மகரவிளக்கு வரை ஓயாது. சித்திரையில் பள்ளி விடுமுறையும் முழுநிலவும். பிறகு ஆனி, ஆடி. ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிளந்து வரும் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றுப் பருவத்தில் இங்கே கடல் கொந்தளித்துப் படகுப் போக்குவரத்து அடிக்கடி நின்றுவிடும். மீன்பிடித் தடைக்கும் நம் மாவட்டத்தில் இரண்டு நாட்காட்டிகள் உண்டு. சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தில் ஒரு துறை ஓய்ந்திருக்க மற்றொரு துறை கடலுக்குப் போகும். இந்த நுணுக்கமெல்லாம் சீசனுக்கு வந்து போகிறவருக்குத் தெரிய வழியில்லை. ஆடிமாதத்து வெறுந்தெருவில் நடந்தவருக்கே தெரியும்.

அவ்வாறு நடக்கும் அயலார் இன்று யார்? கையில் ஓய்வூதியம் உள்ள முதியோர் அல்லர். 2011 நவம்பரில் அசாமின் திப்ருகரிலிருந்து குமரிக்கு ஒரு தொடர்வண்டி விடப்பட்டது. விவேகானந்தர் பெயரைத் தாங்கிய அது நாட்டிலேயே மிக நீண்ட தொலைவு ஓடுவது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாளைக்கு மேற்பட்ட பயணம். அந்த வண்டியும் பிற வண்டிகளும் கொண்டுவந்து சேர்த்த இளைஞர் இன்று விடுதிகளில் அறை துடைக்கின்றனர். உணவகங்களில் மேசை துடைக்கின்றனர். கட்டட வேலை செய்கின்றனர். மாயம்மாவின் ஊர் அசாமோ அன்றோ, அசாமிலிருந்து வந்து தங்கியோர் இன்று உண்மையாகவே உளர். அவர்களிடம் வண்டி இல்லை. விடுதிக்கும் உறங்கும் அறைக்கும் நடந்தே போய்வருகின்றனர். சீசனில் அவர்கள் அவசியமானவர்கள். சீசன் கழிந்தால் முதலில் மிகையாகிறவர்களும் அவர்களே. நம் குமரிக் கவிதைகளில் அலை வருகிறது, பாறை வருகிறது, சங்கு விற்பவர்கூட வருகிறார். இவர்கள் வந்ததாக நினைவில்லை.

இங்கே நடையைப் பெருமைப்படுத்தும் ஆசை ஒன்று எழும். அதற்கு இடங்கொடுத்தல் தகாது. கால்டுவெல் நடந்தது அவர் விருப்பம். பெனிடோர்ம் முதியோர் நடப்பதும் விருப்பம். நம் கடற்கரைப் பெண்கள் மீன்சுமடு தலையிலேற்றி உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தது விருப்பத்தால் அன்று. அவர்கள் நடை விரைவு நடை. நின்றால் மீன் கெட்டுவிடும். பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கற்கள் நின்றதன் காரணமும் அதுதான்: பிறர் கைத்தாங்கல் இல்லாமல் சுமையை இறக்கவும் ஏற்றவும் ஒரு கல். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று ஆயிற்று, பெரிய விடுதலைதான். அதே ஆண்டு டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண்ணொருவர் நாற்றம் வீசுகிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட காட்சியை நாடே பார்த்தது. பணியாளர்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. கட்டணம் நீங்கினாலும் இருக்கை கிடைத்துவிடுவதில்லை. வண்டியில்லா வாழ்வைப் பாட முனைவோர் இந்தப் பெண்ணைத் தாண்டிச் செல்லக் கூடாது.

ஆயினும் நடப்பவனுக்கு ஒன்று வாய்க்கிறது. ஊர்தியில் செல்பவனை ஊர் பார்ப்பதில்லை. நடப்பவனை நாளுக்கு நான்கு முறை பார்க்கிறது. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்தது. நாற்சந்தியில் நிற்கும் மரத்தடியில் ஒரு ஊரின் முழு வரலாறும் கூடிவிட்டதற்குக் காரணம், அந்த மரத்தடியை மக்கள் நடந்து கடந்ததே, நின்றதே, வாய் வளர்த்ததே. மோட்டார் விரைந்து கடக்கும் சந்தியில் கதை தங்காது.

குமரியில் சீசன் ஓய்ந்த ஒரு நண்பகல். சன்னதித் தெருவில் பாதிக் கடைகள் சாத்தியிருக்கின்றன. காற்று, மணலைத் தூக்கிப் படியில் எறிகிறது. வேலை குறைந்த வடகிழக்கத்து இளைஞன் ஒருவன் தெருமுனைச் சாயாக்கடைக்கு நடந்து வருகிறான். அவன் பெயர் கடைக்கார அம்மைக்கு வாயில் நுழைவதில்லை. வந்த புதிதில் "ஏ பையா" என்று அழைத்தவள், நாள்தோறும் கண்டு பழகிய பிறகு ஒருநாள், கண்ணாடித் தம்ளரை நீட்டியபடி, "குடி மக்களே, ஆறிப் போவுது" என்கிறாள். அந்தச் சொல்லுக்குப் பொருள் என்னவென்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் அவனே முந்திக்கொண்டு, "அம்மே, ஒரு சாயா" என்கிறான்.