நோயைச் சொன்னால் கூலிக்கு யார் பொறுப்பு?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டத்தில் தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "காய்ச்சல் உண்டா என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் வீடு வீடாக வருகிறார்களே, உள்ளதைச் சொல்லலாமா, மறைத்துவிடலாமா?" என்று. சொல்லத்தான் வேண்டும் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் நம் ஜனங்கள் ஏன் மறைக்கிறார்கள் என்பதைப் பேசாமல் அந்தப் பதிலைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

1896 செப்டம்பரில் இந்தப் பம்பாயில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில், பிளேக் இருப்பதை டாக்டர் அகாசியோ வீகாஸ் கண்டறிந்தார். அதன் பிறகு நடந்தது என்ன? நோயாளியை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போவது, துணிமணிகளை எரிப்பது, இரயில் நிலையத்தில் ஆணையும் பெண்ணையும் நிறுத்திச் சோதிப்பது. அக்டோபர் 29 அன்று ஏறத்தாழ ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். இன்று கஸ்தூர்பா ஆஸ்பத்திரி என்று நாம் போகிறோமே, அதே ஆஸ்பத்திரிதான். அறியாமை என்றது வெள்ளை அரசாங்கம். அறியாமையே இல்லை என்று நாமும் வாதாடவில்லை. ஆனால் உள்ளே போனவன் திரும்பி வருவதைக் காணாத ஜனம் வேறு என்ன நினைக்கும்?

அந்தப் பீதியில்தான் 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அப்போது அதில் இருந்தவை நான்கே பிரிவுகள். இரயிலில் வருகிறவனைச் சோதிக்கலாம், சந்தேகப்பட்டவனை ஆஸ்பத்திரியிலோ தற்காலிகக் கொட்டகையிலோ தனியே வைக்கலாம், உத்தரவை மீறினால் தண்டிக்கலாம், நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. சரி, பிடித்து வைக்கப்பட்டவனின் கூலி? செலவை யார் ஏற்பது என்று சொல்லும் இடத்தில், "நஷ்டஈடு ஏதேனும் இருப்பின் அது உட்பட" என்று ஒரு வாசகம் போகிற போக்கில் வருகிறது. ஏதேனும் இருப்பின்! நூற்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் அந்த "இருப்பின்" அப்படியே இருக்கிறது. 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சுகாதார ஊழியரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அது நியாயம்தான், ஊசி போட வருகிற நர்ஸம்மாவும் நம்மைப் போல் உழைத்துச் சாப்பிடுகிறவர். நம் வாலிபர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் அந்தத் திருத்தத்திலும் தொழிலாளியின் கூலியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதே 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. "வீட்டிலேயே தனித்திரு" என்றது அரசு. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், சந்துக்குப் பொதுக் கழிப்பிடம். இதில் எந்த மூலையில் தனித்திருப்பது? நல்ல வேளையாக மாநகராட்சிக்கு இது சீக்கிரம் புரிந்தது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், விளையாட்டு அரங்கம் என்று எடுத்து, படுக்கையும் மூன்று வேளைச் சோறும் கொடுத்தார்கள். காய்ச்சல்காரர்கள் தாங்களாகவே வந்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே தாராவியைப் பாராட்டியது. பாராட்டில் பாதி அந்தச் சோற்றுக்குச் சேர வேண்டும் என்பது நம் கணக்கு.

இனி காசநோய்க்கு வருவோம். நம் வீடுகளில் அதிகம் மறைக்கப்படுவது இதுதான். தோல் பட்டறையில் வேலை செய்த நம் தம்பி ஒருவர், பெயர் வேண்டாம், மூன்று மாதம் இருமலை மறைத்து வேலைக்குப் போனார். தெரிந்த அன்றே முதலாளி கணக்கை முடித்தார். அறைக்காரர் காலி செய்யச் சொன்னார். இதைப் பார்த்த மற்றவர்கள் சளிப் பரிசோதனைக்குப் போவார்களா?

ஆகவே விவரத்தைத் தெளிவாகக் கேளுங்கள். 2012 முதல் காசநோயை அரசுக்கு அறிவிப்பது கட்டாயம். 2018 முதல் மருந்துக் கடைக்காரரும் அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் தண்டனை டாக்டருக்கும் கடைக்காரருக்கும்தான், நோயாளிக்கு அல்ல. இது போலீஸ் புகார் அன்று. பதிவானால் மருந்து இலவசம்; சத்துணவுக்கு வங்கிக் கணக்கில் மாதம் 1000 ரூபாய், 2024 நவம்பருக்கு முன் அது 500ஆக இருந்தது. ஊருக்குப் போனால் பதிவை அங்கே மாற்றிக்கொண்டு திருநெல்வேலியிலேயே மாத்திரை வாங்கலாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறக்கூடும்.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு, சந்தா நிபந்தனைகள் நிறைவேறினால், காசநோய்க்குச் சம்பளத்தில் 80 சதவீதம் 2 ஆண்டு வரை கிடைக்கும். ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. நம்மவர்களில் பெரும்பாலோர் எங்கே வேலை செய்கிறார்கள்? அந்த எட்டுப் பேர் பட்டறையில்தான். மாதம் ஆயிரம் ரூபாய் இந்தப் பம்பாயில் அறை வாடகைக்குக்கூடக் காணாது.

தட்டம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 இறுதியில் கோவண்டிப் பக்கம் குழந்தைகள் இறந்தார்கள். நாம் மணல்வாரி, அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை வைக்கிறோம். வையுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் டிஸ்பென்சரிக்கும் அழைத்துப் போங்கள். ஒன்பது மாதத்தில் ஒரு ஊசி, பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இன்னொன்று. மே மாதம் ஊருக்குப் போகிற குடும்பங்கள்தான் இரண்டாவதைத் தவற விடுகின்றன. அட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் அங்கேயே போடலாம்.

காய்ச்சலோடு இரயில் ஏறுகிறவர்களுக்கும் சொல்கிறோம். இரயில்வே சட்டம் 1989, 56ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொற்றுநோய் உள்ளவர் அனுமதியில்லாமல் ஏறினால் அவருக்கும் கூட வந்தவருக்கும் டிக்கெட் பறிபோகும், இறக்கியும் விடலாம். ஆனால் அனுமதி கொடுத்த ஊழியர் அவரைத் தனியே உட்காரவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இந்தப் பாதியை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

தனிமைப்படுத்தும் நாட்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, நோயைக் காரணம் காட்டி வேலை நீக்கத் தடை, பட்டறை எவ்வளவு சிறியதானாலும் இ.எஸ்.ஐ.: இந்த மூன்றையும் எழுதி வார்டு அலுவலகத்துக்கும் தொழிலாளர் ஆணையருக்கும் மனு தயாராகியுள்ளது. கையெழுத்துத் தாள் வாசலில் மேசை மேல் இருக்கிறது. கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம். தடுப்பூசி அட்டை தொலைத்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இடப்பக்க வரிசையில் நில்லுங்கள்.