கடல்கடந்த கல்வியும் களப்புக் கரையும்



புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்திலே, சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையில் அமைந்த ஊர் முந்தல். களப்பும், ஒல்லாந்தர் கால்வாயும், இறாற் பண்ணைகளும் சூழ்ந்த இப்பகுதியில் உடப்பு, ஆண்டிமுனை முதலிய தமிழ்க் கிராமங்கள் உள்ளன. இங்கு பிறந்து பட்டம் பெற்ற ஒருவர் ஐரோப்பாவிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய விரும்பினால், “பணத்துக்கு எங்கே போவது?” என்பதே வீட்டார் கேட்கும் முதற் கேள்வி. காணியை ஈடு வைப்பதா, தாயின் நகையை விற்பதா என்று கலங்குமுன் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு.

நெதர்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளிற் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியராகவே நியமிக்கப்படுகிறார். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு; கல்விக் கட்டணம் இல்லை. ஜெர்மனியில் இத்தகைய பதவிகளோடு, அந்நாட்டுக் கல்விப் பரிமாற்றச் சேவையின் உபகாரச் சம்பளங்களும் உள்ளன. மேரி கியூரி அம்மையாரின் பெயரால் ஐரோப்பிய ஒன்றியம் நடத்தும் திட்டம் எந்நாட்டவருக்கும் உரியது. ஆயின், நியமனத்துக்கு முந்திய 36 மாதங்களில், பணிபுரியப் போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தவர் அதற்குப் பொதுவாகத் தகுதி பெறார். முந்தலை விட்டகலாத மாணவனுக்கு இவ்விதி அனுகூலமே.

இப்பதவிகள் வேலை வெற்றிடங்களாகவே அறிவிக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஆணைக்குழுவின் ‘யூராக்சஸ்’ இணையத்தளத்தில் அவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகரிடம் செல்லவேண்டிய தேவையே இல்லை. பட்டச் சான்றுகள், தன்விவரக் குறிப்பு, ஆசிரியர் இருவரின் பரிந்துரை, அப்பதவிக்கென்றே எழுதிய கடிதம் ஆகியவை வேண்டும். பெரும்பாலான இடங்களில் முதுமாணிப் பட்டமும் கோரப்படும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதிற் பயனில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது, தகுந்த ஆசானைத் தேடிக் கண்டடைதல். சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்கக் காவியங்களோடு ஒப்பிட விரும்பிய கைலாசபதி, பர்மிங்ஹாமிலே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் சென்றார். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக நூலுருப் பெற்றது. பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்த கரவெட்டிச் சிவத்தம்பியும் அதே ஆசானிடம் 1970இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். தமிழ் அறியாத பேரறிஞர் ஒருவரைத் தமிழாய்வுக்கு வழிகாட்டியாகக் கொண்டமைக்குக் காரணம், இருவரிடமும் தெளிவான வினா இருந்தமையே.

அத்தகைய வினா முந்தலில் இல்லையா? 1990ஆம் ஆண்டுகளில் வெள்ளைப்புள்ளி நோய் இவ்வட்டாரத்து இறாற் பண்ணைகளைப் பாழாக்கிற்று. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுக்கும் பண்ணைகள் கழிவுநீரையும் அதிலேயே விடுகின்றன. ஒருவர் கழித்த நீர் அடுத்தவர் குளத்தை அடைகிறது. நோய் பரவும் வழி யாது? அழிந்த கண்டற் காடுகளை மீட்பது எங்ஙனம்? பொதுவான நீரைப் பலர் பங்கிடும்போது ஒழுங்கை நிலைநாட்டுவது எவ்வாறு? உயிரியல் கற்றவருக்கும் சமூகவியல் கற்றவருக்கும் இங்கே இடமுண்டு.

இவ்வினாக்களை ஐரோப்பியப் பேராசிரியர் ஏடுகளில் அறிவார். களப்புக் கரையிலே வளர்ந்தவர் வாழ்க்கையில் அறிவார். அவ்வறிவைக் கூச்சமின்றி விண்ணப்பத்தில் எழுதுக. முதல் முயற்சி தவறின் மறுமுறை முயல்க. அடுத்த விண்ணப்பத்துக்கு வேண்டியது உழைப்பேயன்றி, விற்பதற்கு வேறொரு நகை அன்று.