தறி இருந்த அறையில் ஒரு லேத்



காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலை ஒட்டிய பகுதி பிள்ளையார்பாளையம். பட்டு நெசவுக்குப் பேர்போன தெருக்கள். ஒரு காலத்தில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் உள்ளேயிருந்து தறிச் சத்தம் கேட்கும். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு பல வீடுகளில் தறியை எடுத்துவிட்டார்கள். தறி இருந்த அறையில் பழைய பீரோவும் சைக்கிளும் நிற்கின்றன. அந்தப் பிள்ளைகளிலேயே சிலர், பகலெல்லாம் மெஷினோடு பழகியவர்கள், "வீட்டிலேயே ஒரு சின்ன லேத் போட்டால் என்ன? ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பிடித்ததைக் கடையலாமே" என்று கேட்கிறார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்கு. லேத்தைப் பார்த்தே இராதவர்களும் கேட்கலாம். பயப்படும்படி எதுவும் இல்லை.

லேத் என்றால் கடைசல் இயந்திரம். அதில் பொருள் சுற்றும், உளி அதன்மேல் நகர்ந்து சீவும். மில்லிங் மெஷினில் இது தலைகீழ்: வெட்டும் உளி சுற்றும், மேசையில் இறுக்கிய பொருள் நகரும். உருண்டை வேலைக்கு லேத், தட்டை வேலைக்கு மில்லிங். தெருவுக்கு ஒரு சின்ன லேத் இருந்தால் நெசவாளருக்கும் உபயோகம்தான். ஜக்கார்டு பெட்டியின் தூக்குக் கம்பிக்கு ஒரு புஷ், தார் சுற்றும் இராட்டைக்கு ஓர் அச்சு என்று வேலைக்குப் பஞ்சமிராது.

நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். கடையிலிருந்து வருகிற லேத் பாதி லேத். மீதிப் பாதி, அது நிற்கப்போகும் தரையில் நாம் செய்ய வேண்டியது. விலை கூடினால் துல்லியமும் கூடிவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் அந்த மீதிப் பாதிக்கு ஒரு நாள் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் லேத்தை அடிக்கணக்கில் பேசுவார்கள்: நாலரை அடி, ஆறு அடி என்று, பெட் என்கிற வார்ப்பிரும்புப் படுக்கையின் நீளத்தை வைத்து. பஞ்சாபின் பட்டாலாவிலிருந்தும் குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்தும் வருகிற சிறிய லேத்துகள் உண்டு. மேசைமேல் வைக்கும் சீன லேத்துகளும் கிடைக்கின்றன. பழையதில் எச்.எம்.டி. கிடைத்தால் விடாதீர்கள் என்பார்கள். எச்.எம்.டி. என்றதும் நமக்குக் கைக்கடிகாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1953-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனம் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகானோடு சேர்ந்து முதலில் செய்தது லேத், கடிகாரம் 1961-இல்தான். பழையது வாங்கினால் பெயின்டைப் பார்க்காதீர்கள். உளியைத் தாங்கி பெட்டின்மேல் நகரும் கேரியேஜை, பொருளைப் பிடித்துச் சுற்றும் சக்கின் அருகே கொண்டுவந்து, ஜிப் என்ற பட்டையை ஆட்டமில்லாமல் இறுக்குங்கள். பிறகு அதை மறுகோடிக்குத் தள்ளுங்கள். போகப் போகப் பிடித்துக்கொண்டால், சக்கின் அருகே பெட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். வேலையெல்லாம் அங்கேதான் நடந்திருக்கும். எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இனி தரை. இது பிள்ளையார்பாளையத்துக்கே உரிய சிக்கல். குழித்தறி இருந்த அறையில், நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதி மிதித்த குழி இருந்திருக்கும். தறியை எடுத்ததும் குழியை மண்ணும் செங்கல் துண்டும் போட்டு நிரப்பி, மேலே சிமெண்டு பூசியிருப்பார்கள். கண்ணுக்கு ஒரே தரை. ஆனால் நிரப்பிய மண் ஐப்பசி கார்த்திகை மழையில் இறங்கும், பழைய தரை இறங்காது. லேத்தின் ஒரு கால் பழைய தரையிலும் மறுகால் நிரப்பிய இடத்திலும் நின்றால், மழைக்காலம் முடியும்போது பெட் முறுக்கிக்கொண்டிருக்கும். வார்ப்பிரும்பு முறுக்கிக்கொள்ளுமா என்று கேட்பீர்கள். முறுக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அந்த அளவே வேலையைக் கெடுக்கப் போதும். தச்சர் நூல் கணக்கில் அளப்பார். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். லேத்துக்காரர் அளப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஆகவே குழி எங்கே இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அதைத் தொடாமல் சுவரோரமாக மெஷினை நிறுத்துங்கள். வேறு வழியே இல்லை என்றால் நிரப்பிய மண்ணைத் தோண்டி எடுத்து, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டுக் கெட்டித்து, மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் போடுங்கள். கடப்பா கல் பாவிய தரையானால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று உள்ளே காலியாகக் கேட்கிற கல்லின்மேல் மெஷினின் காலை வைக்கக் கூடாது.

தரை ஆயிற்று. அடுத்து மட்டம் பார்ப்பது. கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.02 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தையும் காட்டுகிற மெஷின் மட்டம் வேண்டும். அதைப் பெட்டின் குறுக்கே, முதலில் சக் பக்கம், பிறகு மறுகோடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். பூமிக்கு மட்டமாக இருப்பது லேத்துக்கு முக்கியமில்லை. அலையில் ஆடுகிற கப்பலின் பட்டறையிலும் லேத் ஓடுகிறது, நன்றாகவே கடைகிறது. பெட் முறுக்கில்லாமல் இருப்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடிக்க மட்டம் ஒரு கருவி, அவ்வளவே.

நெசவாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். படமரம் பாவுக்குக் குறுக்கே நேராக உட்காராவிட்டால் பாவு ஒரு பக்கம் விறைத்து ஒரு பக்கம் தொய்யும், ஊடை கோணலாக விழும். அதற்காக யாரும் பட்டைக் குறை சொல்வதில்லை, தறியைத்தான் சரிசெய்வார்கள்.

மெஷின் மட்டம் விலை கூடுதல், எல்லாரிடமும் இருக்காது. அது இல்லாமலும் முறுக்கைக் கண்டுபிடிக்கலாம். ஒன்றரை அங்குல இரும்புத் தண்டு ஒன்றைச் சக்கில் பிடியுங்கள். வெளியே ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மறுமுனையை, அதைத் தாங்குவதற்கென்றே எதிர்ப்பக்கம் இருக்கும் டெயில்ஸ்டாக்கால் தாங்கக் கூடாது, அது அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். நடுப்பகுதியைச் சற்று ஆழமாகக் கடைந்து எடுத்துவிட்டால், சக்கின் அருகே ஒன்றும் நுனியில் ஒன்றுமாக இரண்டு வளையங்கள் மேடாக நிற்கும். இப்போது டூலை, அதாவது உளியை, கூராகத் தீட்டி, மிக மெல்லிசாக, ஒரே ஓட்டத்தில் இரண்டு வளையத்தையும் சீவுங்கள். இடையில் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடவே கூடாது. மெஷினை நிறுத்தி, மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்து பாருங்கள்.

சக் பக்கம் 36.00, நுனியில் 36.04 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நுனிக்குப் போகப் போக டூல் பொருளை விட்டு விலகியிருக்கிறது. அப்படியானால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலின் அடியில், அதாவது நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலின் அடியில், மெல்லிய தகடு ஒன்றைக் கொடுத்துப் போல்ட்டை இறுக்குங்கள். காலி குளிர்பானக் கேனைக் கத்தரித்தால் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் தகடு கிடைக்கும், காசு செலவில்லை. மறுபடி சீவி, மறுபடி அளந்து பாருங்கள். நுனி சிறுத்து வந்தால் தகடு பின்காலுக்குப் போக வேண்டும். இரண்டு வளையமும் 0.01-க்குள் ஒத்துவரும் வரை பொறுமையாகச் செய்யுங்கள். அதன் பிறகுதான் டெயில்ஸ்டாக்கைத் தொட வேண்டும். பெட்டின் முறுக்கை எடுக்காமல் டெயில்ஸ்டாக்கைத் திருகித் திருகிச் சரிசெய்யப் பார்ப்பது நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிற வீண்வேலை.

இப்படி வரிசையாகச் சோதித்து அளவோடு ஏற்றுக்கொள்ளும் முறையை நூலாகவே எழுதி வைத்தவர் ஜெர்மன் பேராசிரியர் ஜார்ஜ் ஷ்லெசிங்கர். அந்த நூல் வந்தது 1927-இல். யூதர் என்பதால் நாஜிகளின் சிறையில் இருந்து, பிறகு இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்தவர். இன்றைக்கும் புது மெஷினோடு ஒரு சோதனைத்தாள் வருகிறதே, அது அவர் போட்ட பாதை.

டூலின் முனை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது புதியவர்களைத் தடுமாற வைக்கும். அதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. உருண்டைத் தண்டுக்கும் டூல் முனைக்கும் நடுவே மெல்லிய இரும்பு ஸ்கேலைப் பிடித்து, லேசாக நெருக்குங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. அதன் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. இதை மெஷின் நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

மில்லிங் மெஷினில் பார்க்க வேண்டியது தலை நேராக நிற்கிறதா என்பது. கட்டரை, அதாவது வெட்டும் உளியை, சுழற்றும் ஸ்பிண்டிலில் ஒரு கம்பியை மாட்டி, அதன் நுனியில் டயல் கேஜைப் பொருத்தி, முள் மேசையைத் தொடும்படி வைத்துக் கையாலேயே ஒரு சுற்று சுற்றுங்கள். இடது, வலது, முன், பின் நான்கு இடத்திலும் டயல் ஒரே அளவைக் காட்ட வேண்டும். 200 மில்லிமீட்டர் வட்டத்தில் 0.02-க்குள் இருந்தால் வீட்டு வேலைக்குத் தாராளம். தலை சாய்ந்திருந்தால் சீவிய தளத்தில் விரலை ஓட்டும்போதே படிபடியாக நெருடும். பிறகு பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் நகராத தாடையையும் டயல் போட்டு நேராக்குங்கள். சின்ன மெஷின்களின் மேசைத் திருகில் ஆட்டம் இருக்கும். ஆகவே கட்டர் சுற்றுகிற திசைக்கு எதிராகவே பொருளை ஊட்டுங்கள். திசையோடு ஊட்டினால் கட்டர் பொருளை வெடுக்கென்று இழுத்துவிடும்; கட்டர் உடையும், சில நேரம் பொருளே வைஸிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும்.

பராமரிப்பில் பாதி, துடைப்பது. இரும்புச் சுருளைப் பிரஷால் தள்ளுங்கள். காற்றடித்து ஊதினால் துகள் ஸ்லைடின் இடுக்குக்குள் போய் உட்கார்ந்து உள்ளுக்குள்ளேயே அராவும். வார்ப்பிரும்புத் தூளும் உப்புத்தாளின் தூளும் இன்னும் மோசம். உப்புத்தாள் போடும்போது பெட்டின்மேல் ஒரு துணியையோ காகிதத்தையோ விரித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து, ஸ்லைடுகளுக்கென்றே விற்கும் 68-ஆம் எண் ஆயிலைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாகிவிடும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் சும்மா கிடைக்கிறதே என்று ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கரியும் அமிலமும் இருக்கும். ஆயிரக்கணக்கில் போட்டு வாங்கிய மெஷினுக்கு அதைக் கொடுப்பதற்கு எண்ணெயே விடாமல் இருக்கலாம்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் மூடி வைத்தால் பெட்டில் நம் விரல் ரேகையின் வடிவத்திலேயே துரு ஏறியிருக்கும், வியர்வையின் உப்பு அது. பிளாஸ்டிக் தாளைப் போட்டு இறுக்கி மூடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கும். எண்ணெய் தடவிப் பருத்தித் துணியால் மூடுங்கள்.

ஆயுத பூஜையையும் சொல்லியாக வேண்டும். விபூதி, சந்தனம், குங்குமம் இல்லாமல் நம் மெஷினுக்கு அந்த நாள் விடியாது. வையுங்கள், தாராளமாக வையுங்கள். மோட்டார் மூடியின்மேல், சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் முகப்பில், ஸ்டாண்டில் வையுங்கள். பெட்டின் வழுக்குப் பாதையில் மட்டும் வேண்டாம். குழைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது, விஜயதசமியன்று துடைக்கும்போது பொட்டு போய்விடும், துரு வட்டமாக நிற்கும்.

மின்சாரம். பழைய லேத்துகளில் பெரும்பாலும் த்ரீ-பேஸ் மோட்டார் இருக்கும், வீட்டில் சிங்கிள்-பேஸ். வி.எஃப்.டி. என்ற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி போட்டால் ஓட்டலாம், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மோட்டாரை 230 வோல்ட்டுக்கு மாற்றிக் கட்ட முடியுமா என்று முதலில் வயர்மேனிடம் கேளுங்கள். எர்த் கட்டாயம். திருகி மாட்டும் சக் உள்ள லேத்தானால் பின்திசையில் ஓட்டாதீர்கள், சக் கழன்று உருண்டு வரும்.

கடைசியாக, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தோளில் துண்டு, தொங்குகிற துப்பட்டா, கையில் கயிறு, மோதிரம், கையுறை இவற்றோடு சுற்றுகிற மெஷின் பக்கம் போகாதீர்கள். கையுறை காப்பாற்றும் என்று நினைப்பார்கள். சக்கில் சிக்கினால் அது கையைச் சேர்த்தே இழுக்கும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போடாதீர்கள். சாவி கையிலிருந்து இறங்க வேண்டிய இடம், அதை மாட்டிவைக்கும் ஆணி மட்டுமே. தனியாக இருக்கும்போது மெஷினை ஓட்டாதீர்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். மெயின் சுவிட்ச் எது என்பதை அவருக்கு இன்றைக்கே காட்டி வையுங்கள்.