தொட்டிக் கொசுவின் வரிகள்

ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் குகை நினைவிருக்கும். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே வந்தால் 5,000 அடிக்கு மேலான உயரத்துக் குளிர்காற்று. மே மாதத் திருவிழா முடிந்த மறுநாள் கொசு ஆய்வாளர் ஒருவர் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட்ட கையோடு எதைத் தேடுவார்? மரப்பொந்தையும், தூக்கியெறிந்த டீ கப்பையும்தான்.

மரப்பொந்தில் தேங்கும் மழைநீர் புலிக்கொசுவின் பூர்வீக வீடு. முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு போட்ட கொசு அது. அதன் உறவான ஏடிஸ் எஜிப்டி ஆப்பிரிக்கக் காட்டில் கறுப்பாக இருந்தது. மனிதர் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்குக் குடிவந்த கிளையோ நிறம் வெளிறிப்போனது.

மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். வெயில், கான்கிரீட், மாடிக்கு மாடி தொட்டி. தண்ணீர் சூடானால் கொசுப்புழு வேகமாக வளரும். அவசரமாக வளர்ந்த புழு சின்னக் கொசுவாகத்தான் பறக்கும். நெரிசலும் தீனிக் குறைவும் சேர்ந்தால் இன்னும் சின்னது. சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கடியில் முட்டைக்குப் போதிய ரத்தம் சேராவிட்டால் எஜிப்டி இன்னொருவரைத் தேடி வரும்.

நிறம், உருவம் போலவே இறக்கையையும் பார்ப்பவர்கள் உண்டு. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இறக்கை நரம்புகள் சந்திக்கும் புள்ளிகளைக் குறித்து, நகரத்தின் வெவ்வேறு பகுதிக் கொசுக்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். அதை இன்னொரு நாள் பேசலாம். இன்று முட்டைக்குத்தான் நேரம்.

நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சியின் முட்டை அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உருப்பெருக்கியில் பாருங்கள், சின்னப் படகு! மூழ்காமலிருக்க இரு பக்கமும் காற்று மிதவை. மிதவையின் குறுக்கே நெளி ஓட்டில் இருப்பதுபோல் வரிகள். அந்த வரிகளை எண்ணியே கொசுவின் வகையைச் சொல்லிவிடலாம் என்றால் நம்புவீர்களா? 1937இல் ஸ்வீட், ராவ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வரி குறைந்த வகையைப் பிரித்து, மைசூரின் பெயரையே வைத்து 'மைசோரென்சிஸ்' என்றார்கள். 1987இல் சரளா சுப்பாராவ் குழுவினர் நடுவே இன்னொரு வகையையும் சேர்த்தார்கள். வரி மிகுந்த மூல வகைக்கு 14 முதல் 22 வரி, இடைவகைக்கு 12 முதல் 17, மைசோரென்சிஸுக்கு 9 முதல் 15.

எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றனவே என்று கேட்பீர்கள். அதனால்தான் ஒரே ஒரு முட்டையை நம்புவதில்லை. ஒரு தாய்க்கொசுவைத் தனியே முட்டையிடவிட்டு, பல முட்டைகளை எண்ணி, அதிகம் வரும் எண்ணை எடுக்கிறார்கள். கண்ணும் கழுத்தும் வலிக்கும் வேலை.

மூல வகை நகரத்தில், மைசோரென்சிஸ் கிராமத்தில். முன்னது மலேரியா பரப்புவதில் கைதேர்ந்தது. பின்னது மாட்டு ரத்தத்தை நாடுவது, நோய் பரப்புவதில் மந்தம். வரி கூடியதால் நோய் கூடவில்லை. வரி வெறும் அடையாள அட்டை. ஆனால் அந்த அட்டையில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது.

சென்னை மாடிகளின் மேல்நிலைத் தொட்டியும் கிணறும் ஸ்டீபன்சிக்குத் தாய்வீடு. இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்த அதே ஆண்டில், மன்னாரில் இந்தக் கொசு அகப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும்.

நேரம் முடிகிறது. நிறமும் உருவமும் முட்டை வரியும் பார்த்தாயிற்று, இறக்கை பாக்கி. அதற்குள் மாடியேறித் தொட்டி மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடுத்த மே மாதம் சேர்வராயன் மலைக்குப் போகிறவர்கள் டீ கப்பைக் கையோடு கீழே கொண்டுவந்துவிடுங்கள்.