ஒரு செயல், இரு சொற்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘போதையும் அரசியலும்’ என்னும் தலைப்பை எனக்கு அளித்திருக்கிறீர்கள். தமிழ் பயிற்றும் ஒருத்திக்கு இத்தலைப்பில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். சற்று ஆழ்ந்து நோக்கியபோது, இது சொல்லைப் பற்றிய சிக்கல் என்பது விளங்கிற்று. சொல்லைப் பற்றிய சிக்கல் எனில், அது நம் வீட்டுச் சிக்கல்.

வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் ஓர் அதிகாரமாக வைத்தார். கூடாவொழுக்கத்தை அறத்துப்பாலில் வேறோர் அதிகாரமாக வைத்தார். உண்டு மயங்குபவன் வேறு; நல்லவன் கோலத்துள் மறைந்து நின்று தவறு செய்பவன் வேறு. அவர்க்கு முற்பட்ட சங்கப் பாட்டுக்குச் செல்வோம். அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாடல், அவன் தம்மோடு கள்ளைப் பகிர்ந்துண்ட நாள்களை ஒளிவுமறைவின்றி நினைவுகூர்கிறது. உண்டதை உண்டோம் என்று சொன்ன மரபும் நம்முடையது. உண்ணற்க என்று தடுத்த மரபும் நம்முடையது. தான் உண்டதை மறந்து பிறனைத் தண்டிக்கும் மரபை மட்டும் நம் புலவர் எவரும் போற்றியதில்லை.

இன்று உலகின் பல நாடுகளில், கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்னும் வாதம் நடைபெறுகிறது. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் அதற்கெனச் சட்டம் இயற்றின. பிரித்தானியா மறுத்து நிற்கிறது. மறுப்பதற்குத் தக்க காரணங்கள் இருக்கலாம். என் வினா, மறுப்பவர் தம்மை என்ன பெயரிட்டு அழைத்துக்கொள்கிறார் என்பதே.

அந்நாட்டின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். 1839 முதல் 1842 வரை சீனத்தோடு நடந்த போருக்கு அபினிப் போர் என்றே பெயர். இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனத்தில் விற்ற காலம் அது. பின்னர் 1893இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் எழுந்த வினாவின் பயனாக, இந்தியாவில் கஞ்சாப் பழக்கத்தை ஆராய ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1,193 சாட்சிகளை வினவிய அக்குழு, அளவான பழக்கத்தால் பெருந்தீங்கில்லை, முழுத் தடை வேண்டா, வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துக என்று 1894இல் அறிக்கை தந்தது. அரசு விற்றபோது அதற்கு வாணிகம் என்று பெயர். அரசு வரி தண்டியபோது வருவாய் என்று பெயர்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். அந்நாட்டின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருள்களை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பகுக்கிறது. 2004இல் கஞ்சாவைப் பி வகுப்பிலிருந்து சி வகுப்புக்கு இறக்கினர். 2007 சூலையில், அதனை மீண்டும் உயர்த்துவது பற்றி ஆராயப்படும் என்று பிரதமர் கார்டன் பிரவுன் அறிவித்தார். மறுநாளே உள்துறை அமைச்சர் சாக்கி சுமித், ஆக்சுபோர்டில் மாணவியாக இருந்த காலத்தில் தாம் கஞ்சா புகைத்ததுண்டு என்றும், அது தவறு என்றும் ஒப்புக்கொண்டார். அமைச்சர் வேறு சிலரும் தொடர்ந்து ஒப்புக்கொண்டனர். அதற்காக எவர் பதவியும் பறிபோகவில்லை. சி வகுப்பிலேயே இருக்கட்டும் என்று அறிவுரைக் குழு கூறியும், 2009 சனவரியில் கஞ்சா பி வகுப்புக்கு உயர்த்தப்பட்டது. வைத்திருந்த குற்றத்துக்கு இரண்டாண்டாக இருந்த உச்சத் தண்டனை ஐந்தாண்டாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், மதுவும் புகையிலையும் கஞ்சாவினும் தீங்கு மிக்கவை என்று உரைத்த குழுத்தலைவர் டேவிட் நட், அடுத்து வந்த உள்துறை அமைச்சரால் நீக்கப்பட்டார். புகைத்தேன் என்றவர்க்குப் பதவி போகவில்லை. அறிந்ததைச் சொன்னவர்க்குப் பதவி போயிற்று.

2019 சூனில் பழமைவாதக் கட்சியின் தலைமைக்குப் போட்டியிட்ட மைக்கேல் கோவ், இருபதாண்டுகளுக்கு முன் இதழாளராக இருந்தபோது கொக்கெயின் உட்கொண்டதை ஒப்பி வருந்தினார். கொக்கெயின் ஏ வகுப்பு; வைத்திருந்தாலே ஏழாண்டு வரை சிறை. போதைச் சட்டத்தைத் தளர்த்தலாகாது என்று அவரே 1999இல் எழுதிய கட்டுரையும் அப்போது வெளிவந்தது. தலைமை அவர்க்குக் கிட்டவில்லை. அடுத்த மாதம் அமைச்சரவையில் இடம் கிட்டிற்று.

இவர்கள் இளமையில் இடறியதை நான் இகழவில்லை. ஒப்புக்கொண்டதும் ஒருவகை நேர்மையே. ஆனால், தம் செயலுக்குத் ‘தவறு’ என்று பெயரிட்டார்கள்; அதே செயலைத் தெருவோரத்து இளைஞன் செய்தால் ‘குற்றம்’ என்று பெயரிடும் சட்டத்தைக் காத்து நின்றார்கள். தவறு வருத்தத்தோடு முடிகிறது. குற்றம் சிறையில் தொடங்குகிறது. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவே இரட்டை வேடம்.

கடல் கடந்தவரைச் சுட்டிவிட்டு அமர்ந்துவிடலாம், அது எளிது. நம் மாநிலத்திலும் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்பது அரசு நிறுவனமே. குடி கேடு என்று எச்சரிப்பதும் அதே அரசே. அரசை விடுங்கள். என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவன் பயின்றான். தளை தட்டாமல் வெண்பா யாக்கத் தெரிந்தவன். கூலி வேலை செய்யும் தாயின் மகன். விடுதியில் அவன் பெட்டியில் சிறு கஞ்சாப் பொட்டலம் அகப்பட்டது. அவனை நீக்கும் தீர்மானத்தில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருத்தி. ‘ஒழுங்கீனம்’ என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துப் பிழை உண்டா என்று மட்டும் பார்த்தேன். மறு ஆண்டு என் நெருங்கிய உறவினர் வீட்டுப் பிள்ளையிடமும் அதுவே அகப்பட்டது. அவன் தாய் அழுதபோது, “வயதுக் கோளாறு அக்கா, சரியாகிவிடும்” என்று தேற்றினேன். அவன் இன்று நல்ல வேலையில் இருக்கிறான். வெண்பா எழுதியவன் பட்டம் பெறவில்லை. ஒரு செயலுக்கு இரண்டு சொல் வைத்திருந்தவள், சொல்லாராய்ச்சி செய்து முனைவர் பட்டம் பெற்ற நான்.

கஞ்சாவை அனுமதிக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. போதையால் ஒளியிழந்த கண்களை வகுப்பறையில் கண்டவள் நான். அனுமதிப்பதா, தடுப்பதா என்பதை மருத்துவரும் சட்டமறிந்தாரும் ஆய்ந்து உரைக்கட்டும். எம்முடிவாயினும், அமைச்சர்க்கும் ஏழைக்கும் அகராதி ஒன்றாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

கவிஞர் பெருமக்களே, மதுவிலக்குக் கவியரங்கில் முழங்கிவிட்டு, அரங்கின் பின்புறம் சென்றவர்களை நாம் அறிவோம். சிரிக்கிறீர்கள், நானும் சிரித்திருக்கிறேன். பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணி வந்த வட்டம் இது. அடுத்த பத்தாண்டில், பிறர்மேல் ஒரு சொல்லை எறியுமுன் அதைத் தம்மேல் பொருத்திப் பார்க்கும் கவிதைகள் இங்கே பிறக்கட்டும். என் மாணவனுக்கு நான் எழுதத் தவறிய ஒரு வரியை, உங்களுள் ஒருவரேனும் எழுதுங்கள்.