காடும் பொழுதும்



மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792ஆம் ஆண்டில் தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் பாராமகாலுக்கு வந்தனர். இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகளைத் தீட்டினர். இன்றைய கிருட்டினகிரி மாவட்டம் ஓவியத்தில் இடம்பெற்ற கதை பெரிதும் அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. எனினும் அவர்களுக்குக் கோட்டையே தலைமைப் பொருள், காடு துணைப்பொருள்.

காட்டையே தலைமைப் பொருளாக்கியவர்கள் பிரான்சு நாட்டில் தோன்றினர். பாரிசுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோந்தேன்புளோ காட்டில் தியோடர் ரூசோ முதலியோர் (இவர் தத்துவ அறிஞர் ரூசோ அல்லர்) முன்னோடிகளாக அமர்ந்து வரைந்தனர். அவர்களுக்குப்பின், 1860களில், மோனே, ரெனுவார் போன்ற இளைஞர்கள் அங்கே சென்றனர். 1841இல் ஜான் ராண்ட் என்பவர் கண்டுபிடித்த வெள்ளீயக்குழாய் இதற்குப் பெரிதும் உதவிற்று. அதற்குமுன் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிச் சுமக்க வேண்டியிருந்தது. மோனே 1865இல் தீட்டிய 'போட்மர் ஓக்' ஓவியத்தில் மரத்தடி முழுதும் செம்பழுப்புச் சருகு; அதன்மேல் இலையிடுக்கின் வழியே சிந்திய வெயில். ஓவியம் பார்ப்பவர் மரத்தின் பெயரை மறந்தாலும் பருவத்தை மறவார். இத்தகைய ஓவியர் சிலரின் 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியைக் கண்ட திறனாய்வாளர் ஒருவர் ஏளனமாக எழுதிய சொல்லே 'மனப்பதிவு ஓவியம்' என்னும் பெயராக நிலைத்துவிட்டது.

இவ்வோவியர்களின் செய்முறை கவிஞர் கருதத்தக்கது. ஒளி விரைவில் மாறிவிடும். ஆகவே இலை இலையாக வரைவதற்கில்லை. ஈரவண்ணத்தின் மீதே அடுத்த வண்ணத்தைக் குறுந்தீற்றல்களாக இட வேண்டும். நிழலுக்குக் கருப்பு வேண்டா. வெயிற்காலத்து நிழலில் வானத்தின் நீலமும் ஊதாவும் கலந்திருப்பதைக் கண்டால் போதும். காலையில் தொடங்கிய சீலையை மாலையில் தொடலாகாது. மாலைக்கு வேறு சீலை. 1890-91இல் மோனே வைக்கோற்போர்களைப் பலமுறை தீட்டியது இதன் முற்றிய நிலை.

தமிழிலக்கணம் அறிந்தோர்க்கு இது புதிதன்று. நிலத்தோடு பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். முல்லைக்குக் காரும் மாலையும் உரியன. பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியன. பொழுதை நீக்கினால் திணை பாதியாகிவிடும். ஆயினும் ஒசூர் வட்டாரத்தில் இன்று எழுதப்படும் காட்டுக் கவிதைகள் பலவற்றில் யானை வருகிறது, மூங்கில் வருகிறது. அவை எந்த மாதத்தின் எந்த நாழிகை என்பது வருவதில்லை. "பசுமை" என்ற ஒரு சொல்லே காடு முழுவதையும் மூடிவிடுகிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பகுதிகளின் காடோ இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் அங்கே பசுமை அரிது.

இது வெறும் அழகியல் வினாவன்று. ஃபோந்தேன்புளோவில் பழமரங்களை வெட்ட அரசு முற்பட்டபோது ரூசோவும் அவர் தோழர்களும் முறையிட்டனர். 1861இல் ஓர் ஆணை ஏறத்தாழ 1,097 எக்டேர் காட்டைக் கலைஞர்களுக்கென ஒதுக்கிக் காத்தது. மரம் மரமாகப் பார்த்தவர்களாலேயே அவ்வாறு வாதாட முடிந்தது. ஒசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது, நகரம் பெருகிற்று. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல்தான் அறிவிக்கப்பட்டது. காவிரி தெற்கு 2022இல். அவ்வறிவிப்புகளுக்கு முன்னே இக்காட்டின் ஒரு மரத்தையேனும் பெயர் சொல்லி நிறுத்திய கவிதைகள் எத்தனை என்று இவ்வட்டத்தார் தம் பத்தாண்டுத் தொகுப்பைப் புரட்டிப் பார்க்கலாம்.

தொடங்குவதற்குப் புரசமரம் போதும். பங்குனி நண்பகலில் அதற்கு இலையில்லை. கிளையெல்லாம் செம்மஞ்சள் பூ. சுற்றிலும் சாம்பல் நிறப் புதர். உதிர்ந்த பூவின்மேல் விழும் கிளைநிழல் ஊதாவா, பழுப்பா என்பதை அங்கே சென்று நின்றுதான் சொல்ல முடியும்.