இரைச்சலா, இசையா?



'ஹெவி மெட்டல்' என்றாலே பெற்றோர் பலருக்குத் தலைவலி. "இது பாட்டா, இரைச்சலா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால், தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்த இசை எங்கே பிறந்தது என்று அறிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். அங்கே ஓர் உலோகத் தகட்டு ஆலையில் வேலை பார்த்தவர் டோனி அயோமி. 1965இல் அவருக்கு வயது 17. வேலையின் கடைசி நாளன்று இயந்திரத்தில் கை சிக்கி, வலக்கையின் இரண்டு விரல்நுனிகள் துண்டாயின. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். கித்தார் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கை விரல்கள்தாம். இனி வாசிப்பே இல்லை என்று மனமுடைந்து கிடந்தார்.

அப்போது ஆலையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். அதில் வாசித்திருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீக்காயத்தால் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகப் புகழ் பெற்ற கலைஞர். அயோமிக்குத் துணிவு பிறந்தது. பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்தார். அதன்மேல் தோலை ஒட்டினார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். அவரும் நண்பர்களும் 1968இல் தொடங்கிய குழுவே 'பிளாக் சபாத்'. அதன் முதல் இசைத்தட்டு 1970இல் வந்தது. அடுத்த ஆண்டு தந்திகளை இன்னும் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். விரலுக்கு எளிதாயிற்று, ஓசையோ கனத்து இருண்டது. ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்து கிளம்பிய ஓசை அது!

அது பல நாடுகளுக்குப் போனது. போன இடமெல்லாம் புது வடிவம் எடுத்தது.   மங்கோலியாவின் 'தி ஹூ' குழு, குதிரைத்தலை பொறித்த இருதந்தி வாத்தியத்தோடு மெட்டலை இணைத்திருக்கிறது. சிங்கப்பூரிலேயே 1992இல் தொடங்கப்பட்ட 'ருத்ரா' குழு, வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் டெத் மெட்டலில் கொண்டுவந்தது.

இந்தோனேசியாவின் காரூட் வட்டாரத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள், பள்ளி நாளில் 2014இல் ஒரு குழு தொடங்கினார்கள். தலையில் முக்காடு, கையில் கித்தார். பெண்களுக்கு இது தகாது என்ற எதிர்ப்பு வந்தது. பின்வாங்கவில்லை. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அவர்களுடையதே. குழுவின் பெயர் 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்'. சுண்டா மொழியில் 'பாசெப்ரோட்' என்றால் இரைச்சல் என்றே பொருள்!

பெற்றோர்களே, இந்த இசை உங்களுக்குப் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிள்ளைக்கு ஏன் பிடிக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள். இளையர்களே, ஒலியை மட்டும் கூட்டாதீர்கள். அதன் கதையையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் போவதே உண்மையான இரைச்சல்.